தானா அழுத்துன போனு

இந்தப் பெஞ்சுக்கு வந்துருங்க ஆசாரியாரே, அந்த ஸ்டூலு ஒரு பக்கமா ஆடும். எட்டு மணியிலருந்து நான் இங்கதான் உக்காந்திருக்கேன், எது ஆடும் எது ஆடாதுன்னு எனக்கு அத்துபடி. கையில இருக்கிற டப்பாவப் பாத்ததுமே நெனச்சேன், எதுத்த மண்டபத்துல காது குத்த வந்த ஆசாரி நீங்கதான்னு. முகூர்த்தம் பத்தரைக்கு மேலதான். டீயக் குடிங்க, மெதுவாப் போகலாம். மாஸ்டர், ஆசாரிக்கு ஒரு டீ, சீனி தூக்கலா.

நான் யாருன்னா கேக்குறீங்க? அந்தப் புள்ளையோட தாய்மாமன். பேரு ராசாங்கம். நீங்க காது குத்தணும்னா அது என் மடியிலதான் உக்காரணும். மடி இங்க இருக்கு, புள்ள அங்க இருக்கு. அதுதான் இப்ப சிக்கலு. இந்தத் தட்டுதான் சீரு. பட்டுப் பாவாடை, பழம், பூ, தோடு எல்லாம் இருக்கு. ஈ மொய்க்குதேன்னு துண்டப் போட்டு மூடி வெச்சிருக்கேன்.

என் பொஞ்சாதி வந்த ஒடனே உள்ள போயிட்டா. "வர்றதுன்னா வாங்க, இல்லாட்டி இங்கயே உக்காந்து யோசிச்சுக்கிட்டிருங்க, எனக்குப் பசிக்குது"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. இந்நேரம் ரெண்டாவது பந்தியில பொங்கல் சாப்பிட்டுக்கிட்டிருப்பா. என்னால அப்படிப் போக முடியல. போகலாமா, கூடாதான்னே இன்னும் முடிவாகல. ஏன்னு சொன்னா நீங்களே ஒரு ஞாயம் சொல்லுவீங்க. எல்லாம் இந்தப் போனு பண்ண வேல.

நான் போடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஆய்வக உதவியாளர். என் தங்கச்சி மலர்க்கொடிய இந்தச் சின்னமனூருக்குத்தான் கட்டிக் குடுத்தோம். மாப்ள பேரு தங்கமாயன். நல்ல மனுசன், ஒரு சொல்லு சொல்ல முடியாது. சிரிக்க மட்டும் மாட்டாரு. அவுகளுக்கு எட்டு வருசமாப் புள்ள இல்ல. அப்பறம் பொறந்த புள்ள இது. அதுவும் எடை இல்லாமப் பொறந்து, இருவத்திரெண்டு நாளு கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடந்துச்சு. ஆசுபத்திரி வராந்தாவுல அவ பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். அவளுக்குச் சோறு எறங்காது, நான் உருட்டி உருட்டிக் குடுப்பேன். அத நான் ஒரு பெருமைக்குச் சொல்லல. நாங்க அப்படி இருந்தவுக, அம்புட்டுத்தான்.

அப்ப மாப்ள முருகனுக்கு நேந்துக்கிட்டாரு, புள்ள நல்லபடியா வீடு வந்தா கோயிலச் சுத்தி அங்கப்பிரதட்சணம் பண்றேன்னு. புள்ளைக்கு ஒண்ணர வயசு ஆனப்ப போயி உருண்டாரு. தங்கச்சி அத வீடியோ எடுத்து எங்க குடும்ப குரூப்புல போட்டா.

நீங்க அந்த வீடியோவப் பாக்கணும் ஆசாரியாரே. மனுசன் கைய மேல கூப்பிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு உருள்றாரு. பக்தின்னா அதுதான் பக்தி. ஆனா கோயில் தரை கொஞ்சம் சரிவு. ரெண்டு சுத்து ஒழுங்கா வந்தவரு, மூணாவது சுத்துல அப்படியே பாதை மாறி, உருண்டு உருண்டு, செருப்புப் பாதுகாக்கிற எடத்துக்குப் போயிட்டாரு. டோக்கன் குடுக்கிற அம்மா எந்திரிச்சு நிக்கிறாக. மூணு பேரு ஓடி வந்து அவரத் திருப்பி விடுறாக, லாரிக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி. அவரு கண்ணத் தொறக்கவே இல்ல. அந்தம்மா அவரு கால்ல ஒரு டோக்கன...

ஒண்ணுமில்ல, டீ பொரையேறிருச்சு. சிரிக்கல. புனிதமான விசயம் அது.

சரி, குரூப்புல எல்லாரும் கும்புடுற பொம்மை போட்டாக. நாப்பத்தொரு பேரு. வரிசையா நாப்பத்தொரு கும்புடு. அதுக்கு நடுவுல ஒரே ஒரு பொம்மை, விழுந்து பொரண்டு, கண்ணுல தண்ணி தெறிக்கச் சிரிக்குது. அதத் தொட்டுப் பாத்தா என் பேரு.

நான் அழுத்தலங்க. போனு தானா அழுத்திருச்சு. இந்தப் போனுக்கு அந்த வியாதி உண்டு. சட்டைப் பையில கெடக்கும், தானா டார்ச்சப் போடும். ஒரு தடவ தானாவே கேஸ் ஏஜென்சிக்குப் போனப் போட்டு சிலிண்டரு பதிஞ்சிருச்சு. கம்பெனி பேரு வேணாம், விடுங்க. நான் பாத்த ஒடனே அந்தப் பொம்மைய எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள யாரோ படம் புடிச்சு அவளுக்கே அனுப்பிட்டாக. சொந்தக்காரங்கன்னு இருந்தா அந்த மாதிரி ஒருத்தரு இருக்கத்தான செய்வாக.

தங்கச்சி போன் பண்ணா. அழுதா. "என் வீட்டுக்காரரு புள்ளைக்காக உருண்டது ஒனக்குச் சிரிப்பா இருக்கா"ன்னு கேட்டா. நான் போனுதான் அழுத்துச்சுன்னு சொன்னேன். சத்தியமான்னு கேட்டா. சத்தியமெல்லாம் எதுக்குன்னேன். அப்ப அவ ஒண்ணு சொன்னா பாருங்க. "ஊரு ஒலகத்துல யாரு போனும் தானா சிரிக்கல, ஒன் போனு மட்டும் சிரிச்சிருச்சாக்கும்." சொல்லிட்டு வெச்சுட்டா. அஞ்சு மாசம் ஆச்சு, அதுக்கப்பறம் ஒரு பேச்சு இல்ல.

எனக்கு அதுதான் சுருக்குன்னு தைச்சது. ஊரு ஒலகத்துல இல்லையாம்ல. சரி, ஊரு ஒலகத்தையே கேட்டுருவோம்னு முடிவு பண்ணேன்.

ஓட்டெடுப்புன்னா எனக்குப் புதுசு இல்ல. நாலு எலெக்‌ஷன்ல வேல பாத்திருக்கேன், விரல்ல மை வெக்கிற வேல. ஆயிரம் விரலு பாத்த ஆளு. வாட்சப்புல ஓட்டுப் போடுற வசதி இருக்கு, கேள்வியக் கேட்டு பதில வரிசையா எழுதிட்டா ஜனங்க தொட்டுட்டுப் போவாக. யாரு எதத் தொட்டாகன்னு பேரோட காட்டும். நான் கேட்டது இதுதான்: "உங்கள் போன் எப்போதாவது உங்களைக் கேட்காமல் தானாக எதையாவது அனுப்பியிருக்கிறதா?" பதிலு மூணு குடுத்தேன். ஆமாம். அடிக்கடி. இதுவரை இல்லை. எல்லாப் பக்கமும் யோசிச்சு, நடுநிலையாக் குடுத்தேன்.

மொதல்ல எங்க பள்ளிக்கூட குரூப்புல போட்டேன். போட்டு ஒரு நிமிசம் ஆகல, எங்க ஹெச்.எம். 'அடிக்கடி'ன்னு அழுத்திட்டாரு. பாவம், அதுக்கு முந்தின வாரந்தான் அவரு போனு அதிகாரிங்க இருக்கிற குரூப்புக்கு, "இவனுகளுக்கு வேற சோலியே கெடையாதா"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பிருச்சு. மனுசன் மூணு நாளு சோறு திங்கல. ஓட்டப் பாத்துட்டு என்னத் தனியாக் கூப்பிட்டு, "ராசாங்கம், இது சமுதாயத்துக்கு அவசியமான வேல, முடிவ அந்த அதிகாரிங்க குரூப்புலயும் போடு"ன்னு சொன்னாரு. அடுத்தது வரலாறு வாத்தியாரு பரஞ்சோதி. அவரு போனு புதுசா வந்த நூலகப் பொறுப்பாளரம்மாவுக்குத் தெனம் காலையில ரோசாப்பூ அனுப்பிருச்சாம். அவரு சம்சாரம் பக்கத்துல உக்காந்து பாக்கப் பாக்கத்தான் 'ஆமாம்' போட்டாராம். எம்புட்டு நேர்மை பாருங்க.

எனக்கு வேகம் வந்துருச்சு. காலையில நடக்குற குரூப்பு, பஸ்ஸுல போற குரூப்பு, கோயில் திருவிழாக் கமிட்டி, எங்க தெரு, எங்கூடப் படிச்சவனுக, ஒண்ணு விடல. ஓட்டு கொட்டுது. ராத்திரி பகலு பாக்காம எண்ணிக்கிட்டே இருந்தேன். சில பேரு எனக்குத் தனியா மெசேஜ் போட்டு நன்றி சொன்னாக. ஒருத்தரு, "அண்ணே, நீங்க என் குடும்பத்தக் காப்பாத்திட்டீங்க"ன்னு எழுதியிருந்தாரு. போனு வியாதி ஒரு குடும்பத்த எம்புட்டுப் பாதிச்சிருந்தா அப்படி எழுதுவாரு. இன்னொருத்தரு கிட்ட இருக்கிறது பட்டன் போனு. வியாதி அதுலயும் இருக்குன்னு மகன் போனுல வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போனாரு.

உங்க போனுல அப்படி ஆனதுண்டா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல. உண்டா? பாத்தீங்களா. என்ன அனுப்புச்சு? ரெண்டு வீட்டுக்கு ஒரே முகூர்த்தத்துக்கு வர்றேன்னு ஒத்துக்கிருச்சா? அதேதான், அதே வியாதிதான். அந்த இன்னொரு வீட்டுக்காரங்க நம்பலையா? கவலைய விடுங்க, நான் ரிசல்ட்ட அனுப்பி வெக்கிறேன், காட்டுங்க.

மொத்தம் முந்நூத்து நாப்பத்தேழு ஓட்டு. 'ஆமாம்' நூத்துத் தொண்ணூத்தெட்டு. 'அடிக்கடி' நூத்து நாப்பத்தொண்ணு. 'இதுவரை இல்லை' எட்டே எட்டு. நூத்துக்குத் தொண்ணூத்தேழுக்கு மேல. இம்புட்டு ஓட்டு எந்த எலெக்‌ஷன்லயும் யாரும் வாங்கி நான் பாக்கல.

அந்த எட்டையும் சும்மா விடல, போன் போட்டு விசாரிச்சேன். அதுல ஒண்ணு என் பொஞ்சாதி. என்னடி இப்படிப் போட்டுட்டன்னு கேட்டா, "என் போனு நான் சொன்னாத்தான் அனுப்பும், நான் அப்படி வளத்திருக்கேன்"ங்கிறா. அவ போனு வாங்கி நாலு மாசந்தான் ஆகுது, வியாதி வர நாளாகும். மத்த ஏழு பேருக்கும் அதேதான் காரணமா இருக்கும்.

எல்லாக் குரூப்பும் சேத்து ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு இருக்காக, மீதிப் பேரு ஓட்டே போடலையேன்னு நீங்க கேக்கலாம். எங்க கணக்கு வாத்தியாரும் அதத்தான் கேட்டாரு. நான் அவருகிட்ட திருப்பிக் கேட்டேன், அவுக ஏன் சார் போடல? போனு அழுத்துனா வேல செய்யல, அதான் போடல. அப்ப அவுகளும் நம்ம பக்கந்தான. அவரு, "ஒனக்கு எம்புட்டு வருசம் சர்வீஸ் இருக்கு"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியாதவுக பேச்ச மாத்துறதுதான வழக்கம்.

தேனியில அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போனேன். ஒரு பொண்ணு இருந்துச்சு, கெட்டிக்காரப் பொண்ணு. போன வாங்கித் தொடைச்சு, மேசை மேல ஒரு மணி நேரம் வெச்சுப் பாத்துச்சு. போனு அசையல. "நல்லாத்தான் சார் இருக்கு, இந்த மாடல்ல இந்தக் கம்ப்ளைன்டோட இந்த வருசம் ரெண்டே பேருதான் வந்தாங்க"ன்னு சொல்லுச்சு. நான் என் ரிசல்ட்ட எடுத்து நீட்டுனேன். முந்நூத்து முப்பத்தொம்பது பேரும்மா, நீ ரெண்டுங்கிறன்னேன். அது, "இங்க வர்றவங்க போன சரி பண்ண வர்றாங்க சார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்"னு சொல்லிச் சிரிச்சுக்கிச்சு. அது எதுக்குச் சிரிச்சுச்சுன்னு எனக்கு இன்னும் வெளங்கல. போனும் புது எடமா இருந்ததால பயந்துபோயி அடங்கி இருந்துச்சு. வெளிய வந்ததும் டார்ச்சு எரிஞ்சுச்சு.

ரிசல்ட்டப் பிரிண்டு எடுத்து, லேமினேசன் போட்டு, தங்கச்சி வீட்டுக்குத் தபால்ல அனுப்புனேன். இனிமே அவ மனசு எளகிரும்னு நெனச்சேன். நாலாம் நாளு பாத்தா என்னையக் குடும்ப குரூப்புலருந்து நீக்கியிருக்கு. நீக்குனது மாப்ள. போனப் போட்டேன். அஞ்சு மாசத்துல அன்னைக்குத்தான் எடுத்தாரு. சிரிக்காமச் சொல்றாரு: "நான் நீக்கல மச்சான். போனு தானா நீக்கிருச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேருக்கு இருக்கிற வியாதிதான இது."

சந்தோசமாத்தான் இருந்துச்சு மொதல்ல. அவரையும் ஒரு ஓட்டாச் சேத்துக்கலாமான்னு கூட யோசிச்சேன். கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் அவரு சொன்னதோட அர்த்தம் ஒறைச்சுச்சு. போன வாரம் புள்ளைக்கு மொட்டை போட்டுட்டாகளாம். எனக்குத் தகவல் இல்ல. யாரு மடியில உக்கார வெச்சாகன்னும் தெரியல. பெரியப்பா மகன் குருசாமி மடியா இருக்கும். அவனுக்கு மடி எங்க இருக்கு, வயிறுதான் இருக்கு. புள்ள வழுக்கி விழுந்திருக்கும். அத நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கம் இல்ல ஆசாரியாரே. நான் உருட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டுத்தான அவ அந்தப் பொட்டிக்கிட்டப் போயி நின்னா.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. நாலு நாளைக்கு முந்தி, தங்கச்சி நம்பர்லருந்து எனக்கு வாட்சப்புல இந்தப் பத்திரிக்கை வந்துச்சு. வெறும் படம். அண்ணேன்னு ஒரு வார்த்தை இல்ல, வான்னு ஒரு வார்த்தை இல்ல. தாய்மாமனுக்கு வெத்தல பாக்குத் தட்டோட நேர்ல வந்து சொல்றதுதான மொறை. யாரும் வரல. படம் மட்டும் வந்துருக்கு.

இப்ப நீங்க சொல்லுங்க. இத அவ அனுப்புனாளா, அவ போனு தானா அனுப்புச்சா?

நீங்க ஈசியா அவதான்னு சொல்லிருவீங்க. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. நூறு போனுல தொண்ணூத்தேழு போனு தானா அனுப்புது. நானே லேமினேசன் போட்டு அவ வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அப்ப அவ மனசாரக் கூப்பிட்டிருக்க நூத்துக்கு மூணு பங்குதான் வாய்ப்பு. மூணு பங்க நம்பி ஒருத்தன் சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டுச் சபைக்குள்ள நொழைய முடியுமா? நொழஞ்சு, அவ எல்லாரு முன்னாடியும், "ஒன்ன யாரு கூப்பிட்டா"ன்னு கேட்டுட்டா? நான் அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊருப் பக்கம் வர்றது?

போன் போட்டுக் கேக்கலாமேங்கிறீங்க. கேக்கலாம். பத்துத் தடவ எடுத்துட்டேன். அவ, "ஆமா, போனுதான் அனுப்புச்சு"ன்னு சொல்லிட்டா என்ன பண்றது? நான் சொன்னத நானே எப்படிப் பொய்ங்கிறது? இங்க உக்காந்திருந்தா அவ கூப்பிடலைன்னும் ஆகாது, கூப்பிட்டான்னும் ஆகாது. அதான் உக்காந்திருக்கேன். இது ஆறாவது டீ.

மணி பத்து இருவதா? நீங்க கெளம்பணுமா? ஒரு நிமிசம் இருங்க. ஒரு உதவி பண்ணுங்க. உள்ள போயி, தாய்மாமன் வந்தாச்சான்னு சும்மா கேக்குற மாதிரி கேளுங்க. அவ மொகம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு, வாசல்ல வந்து ஒரு கைய...

இருங்க. அந்தா, மண்டப வாசல்ல. பச்சைப் புடவை. அவதான். இடுப்புல புள்ள. மொட்டைத் தல எண்ணெ தேச்ச மாதிரி மினுங்குது பாருங்க. திரும்பிராதீங்க, இங்கதான் பாக்குறா. நேரா என்னையத்தான் பாக்குறா. எளைச்சுப் போயிட்டா. இவ எப்பவுமே விசேசம்னா சாப்பிடாம அலைவா, யாராவது பக்கத்துல நின்னு ஊட்டுனாத்தான் உண்டு.

கையில போன எடுக்குறா. குனியுறா. கட்ட வெரலு ஆடுது, தெரியுதா? புள்ள போனப் புடுங்குது, அவ கைய அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு அழுத்துறா. இப்ப நிமுந்து பாக்குறா.

வந்துருச்சு. என் பையில ஆடுது. நீங்களே எடுத்துப் படிங்க ஆசாரியாரே, எனக்குக் கண்ணாடி இல்ல. கண்ணாடி இருக்கு, ஆனா இப்ப ஒண்ணும் தெரியல. படிங்க.

"கதை அளந்தது போதும். மடி காலியா இருக்கு, வந்து உக்காரு."

வெரலு. அவ வெரலு அழுத்துனத நான் கண்ணால பாத்தேன். நீங்களும் பாத்தீங்கள்ல? போனு இல்ல. அவதான்.

அந்தத் தட்டக் கொஞ்சம் புடிங்க, வேட்டியச் சரி பண்ணிக்கிறேன். ஆசாரியாரே, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு அந்தச் சிரிப்ப அழுத்துனது நான்தான். அந்தம்மா டோக்கன எடுத்து அவரு கால் வெரல்ல மாட்டப் போனாக பாருங்க, என்னால அடக்க முடியல, வெரலு போயிருச்சு. அழுத்திட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். சொல்ல வாய் வரல. அஞ்சு மாசம் ஊரு பூராக் கேட்டேன், அவகிட்ட மட்டும் சொல்லல. இன்னைக்குச் சொல்லிருவேன். புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு, நீங்க ஊசிய எடுக்கிறதுக்குள்ள, அவ காதுல மட்டும் சொல்லிருவேன்.

ஆனா நீங்க உள்ள போயி வெளிய விட்டுறாதீங்க. என்னைய நம்பி முந்நூத்து முப்பத்தொம்பது குடும்பம் இருக்கு.